முதல் சாட்சியைத் திரும்பப் பெறுகிறேன்

புண் முதலில் வந்தது நாக்கின் இடது ஓரத்தில். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக நின்றது. அது உரசி வந்த புண் என்று நினைத்தேன். அரிசி அளவுதான் இருந்தது. குழம்பு பட்டால் எரிந்தது, பாடம் நடத்தினால் வலித்தது. நான் புனே பக்கம் தேஹு ரோட்டில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பேசாமல் எனக்குப் பிழைப்பில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது வாயில் அப்படி ஒரு புண் இருந்து, அது வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் டாக்டரிடம் போய் வாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். யாரோ நல்ல பெண்மணி எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேஹு ரோட்டில் இருக்கிறது. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்தவர். என் கணவர் ஜெபராஜும் அதே கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் மராத்தி, ஆட்டோவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழ் வீட்டிலும் சபையிலும்தான். அதனால் சபைதான் எங்களுக்கு ஊர். அங்கே முகம் கெட்டால் போய் நிற்க வேறு இடம் கிடையாது.

ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில் எங்கள் சபையில் சாட்சி நேரம் உண்டு. தேர்வில் தேறியவர், விபத்தில் தப்பியவர், நோய் தீர்ந்தவர், யாரானாலும் எழுந்து கர்த்தர் செய்த நன்மையை மைக்கில் சொல்லி நன்றி செலுத்துவார்கள். நல்ல வழக்கம்தான். சின்ன வயதில் பிரசங்கத்தில் தூங்கிப் போனாலும் சாட்சிக்கு விழித்துக்கொள்வேன்.

புண் வந்த மூன்றாம் வாரம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தது. காலமான என் அண்ணனின் மனைவி கிருபை மதினிதான் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார், நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தார். மறுநாள் வலி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் புண் சுருங்கியது மாதிரி தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிரு எஸ்தரு," என்றார் மதினி. "வாங்குன நன்மைய மறைச்சு வைக்கப்பிடாது."

சொன்னேன். புண் இருந்தது, ஜெபித்தார்கள், இப்போது இல்லை என்று மைக்கில் கணீரென்று சொன்னேன். சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்றது. இரண்டு பேர் அழுதார்கள். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

புதன்கிழமை புண் திரும்பி வந்தது.

கேட்கிறவர்களுக்கு இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். சபை முன்னால் சுகம் என்று சொல்லியாகிவிட்டது. இனி டாக்டரிடம் போனால் அந்தச் சாட்சி பொய். போய் க்யூவில் நின்றால் யாராவது பார்ப்பார்கள். அதனால் வலது பக்கம் மென்றேன். குழம்பில் காரத்தைக் குறைத்துவிட்டு வயசாகிறது என்றேன். கணவரிடமும் மறைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்றேன். இப்படி நான்கு மாதம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் போகாதே என்று எங்கள் போதகர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். மதினியும் சொன்னதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். யாராவது சொல்லியிருந்தால் அவர்களைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

வலி காது வரை ஏறி, கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் கணவருக்கு வாயைத் திறந்து காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மருத்துவமனை புனேயின் இன்னொரு கோடியில் இருந்தது. அங்கே, டாக்டர் அறைக்கு வெளியே நீண்ட நடையில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஒரு மராத்திப் பெண். "தம்பாகூ? குட்கா?" என்று கேட்டார். புகையிலை போடும் பழக்கம் இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். உடைந்த பல்லைக் காட்டினேன். எத்தனை நாளாக என்று ஹிந்தியில் கேட்டார். நான்கு மாதம் என்றேன். நான்கு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

ஸ்கூலில் வேலை அதிகம் என்றேன். சாட்சி என்பதை அவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

பயாப்ஸி (புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவு ஒரு வாரத்தில் வந்தது. நாக்கில் புற்று. கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருந்தது. முதல் மாதமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கும், கதிர்வீச்சு தேவைப்படாமலே போயிருக்கலாம் என்றார்.

மகள் ஷாரன் ஔந்தில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. தமிழ் அவளுக்குத் திக்கித் திக்கித்தான் வரும். முடிவை வாங்கிக்கொண்டு அவள் காரில் திரும்பும்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். கசார்வாடிக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"மம்மி, மத்லப்... அதாவது, சர்ச்ல சொல்லிட்ட. அதனால டாக்டர்கிட்ட போகல?"

"ஆமா."

"அவங்க என்ன நெனப்பாங்கன்னு?"

"ஆமான்னு சொல்லுதேன்லா."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இறங்கிப் போய் அவனிடம் மராத்தியில் நன்றாகச் சண்டை போட்டேன். என் முழு நாக்கால் நான் போட்ட கடைசிச் சண்டை அது.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஆபரேஷன். நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தார்கள். காதின் கீழிருந்து தொண்டை வரை கீறிக் கணுக்களையும் எடுத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். அதில் கணவர் பாலும் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் ஊற்றுவார். பசி அடங்கும், சாப்பிட்டது மாதிரி இருக்காது.

பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள். முகத்துக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் வலையைப் போட்டு, அசையாதபடி மேசையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். மூன்றாவது வாரம் வாயின் உள்தோல் வெந்து உரிந்தது. உமிழ்நீர் வற்றியது. ருசி போனது. பச்சைத்தண்ணீர்கூடத் துருப்பிடித்த குழாயில் பிடித்தது மாதிரி இருந்தது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வலி மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதற்காக யாரும் உங்களுக்கு மார்க் போடப் போவதில்லை. விழுங்கும் பயிற்சியை மட்டும் அழுதுகொண்டாவது செய்யுங்கள்.

பார்க்க வந்தவர்கள் வசன அட்டைகளோடு வந்தார்கள். எல்லாமே நன்றி சொல்லச் சொல்லும் வசனங்கள். கிருபை மதினி தினமும் வந்தார்.

"நன்றி சொல்லு எஸ்தரு. நாக்கு முழுசும் போகலல்லா? எத்தன பேருக்குப் பேச்சே போயிருக்கு."

பேச முடியாததால் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: மதினி, வீட்டுக்குப் போங்க. அவர் அன்று கண்ணாடி கொண்டுவரவில்லை. வாசிக்கச் சொல்லி என் கணவரிடம் நீட்டினார்.

"ஒங்கள சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுதா," என்றார் கணவர்.

மதினி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். என் எதிரிலேயே, மீன் குழம்பு.

குழாயை எடுத்த பிறகு பேச்சுப் பயிற்சி தொடங்கியது. வெட்டித் தைத்த நாக்குக்கு த, ர, ல எதுவும் வராது. என் பெயரே எனக்கு வரவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் களி உருட்டுகிற சத்தம்தான் வந்தது. முழு நாக்கு உள்ளவர்கள் பார்த்து வைத்த சொல் அது. சரி, இனி அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் ஜெபிப்பதையே விட்டிருந்தேன். கர்த்தரிடமும் கோபம். பொய்ச் சாட்சி சொன்னவள் நான் என்றாலும், புதன்கிழமை திரும்ப வந்த புண் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

மழை முடிந்து சீதாப்பழம் வந்தது. ஸ்டேஷன் வாசலில் கூடை கூடையாக விற்பார்கள். எனக்கு அது உயிர். கணவர் வாங்கி வந்து, ஒவ்வொரு சுளையிலும் விதையை எடுத்து, கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கொடுத்தார். ஒன்றும் தெரியவில்லை, வெறும் கூழ். நான்காம் நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். விழுங்குவதைச் சோதித்த டாக்டர் எதையும் சாப்பிடலாம் என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். முழுப்பழத்தை எடுத்துக்கொண்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்தேன்.

"ஏ எஸ்தரு, வெத தொண்டைல போயிரும்."

"போவட்டும்."

சீதாப்பழம் தின்பது நாக்கின் வேலை. சதையை உருவி, விதையைத் தனியாக்கி, உதட்டுக்குத் தள்ள வேண்டும். முதல் விதை இடது பக்கம், உணர்வில்லாத பக்கம், எங்கேயோ போய்ச் சொருகிக்கொண்டது. இருமினேன். கணவர் எழுந்து நின்றுவிட்டார். நாக்கை இழுத்தேன், கழுத்துத் தழும்பு சுண்டியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தலையைச் சாய்த்துத் தள்ளினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. கருப்பாக, வழவழவென்று, சுத்தமாக ஒரு விதை உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதற்குப் பின்னால், லேசாக, இனிப்பு.

இனிப்பு! ஏழு மாதம் கழித்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயில் சதையோடு ஸ்தோத்திரம் என்றேன். களி உருட்டுகிற அதே சத்தம்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது முடிந்த கையோடு கோபம் வந்தது. இந்த நன்றியைச் சபையில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் முதலில் சொன்ன பொய் அங்கேயே கிடக்கும்போது இதை எங்கே வைப்பது?

அறுப்பின் பண்டிகை வந்தது. காய்கறி, பழம், கரும்பு எல்லாம் கொண்டுவந்து பீடத்தின் முன் படைத்து நன்றி செலுத்தும் ஞாயிறு. போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து, சபைக்கு ஆறுதலாக இரண்டு நிமிடம் சாட்சி சொல்லச் சொன்னார்.

"ஆறுதலா இருக்காது ஐயா," என்றேன். "மொத சாட்சி பொய்."

என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப அதையே சொல்லுங்கம்மா," என்றார்.

சொன்னேன். மைக்கில் என் குரல் எனக்கே புரிய நேரமெடுத்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொன்னேன். "போன வருஷம் இதே எடத்துல எனக்குச் சொகம்னு சொன்னேன். மூணே நாள்ல புண்ணு திரும்ப வந்துட்டு. ஒங்களுக்குப் பயந்து நாலு மாசம் மறைச்சேன். நாக்கு போயிட்டு. அந்தச் சாட்சிய இப்பத் திரும்ப எடுத்துக்கிடுதேன். போன வாரம் ஒரு சீதாப்பழம் தின்னேன். இனிப்பாருந்துச்சு. அதுக்கு மட்டும் நன்றி சொல்லுதேன். ஒடம்புக்கு எதாவது இருந்தா ஜெபம் பண்ணுங்க, பண்ணிட்டே டாக்டர்ட்ட போங்க. போயிட்டு வந்து சாட்சி சொல்லுங்க."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கோபத்தோடுதான் இடத்துக்குத் திரும்பி நடந்தேன்.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குக் கிருபை மதினி பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துச் சேலைக்குள் தன் அக்குளோரம் கொண்டுபோய் வைத்தார். உருண்டையாக ஒரு கட்டி, கல் மாதிரி, அசையாமல் இருந்தது.

"எப்ப இருந்து?"

"நீ ஆபரேஷன் பண்ணிக் கெடந்த கிறிஸ்மஸ்ல இருந்து."

"பத்து மாசமா? என்னப் பாத்துமா மதினி?"

"ஒன்னப் பாத்த பொறவு எப்பிடிட்டீ போவேன்? தலைவின்னு ஊருக்கெல்லாம் கை வச்சு ஜெபிக்கேன்."

தினமும் வந்து நன்றி சொல்லு, நன்றி சொல்லு என்றது யாரிடம் என்று அப்போது புரிந்தது. அதற்காக எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவில் என் அரைகுறை நாக்கால் அவரைத் திட்டித் தீர்த்தேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அதே மருத்துவமனை, அதே நடை, ஏறக்குறைய அதே பெஞ்சு. இரண்டு சீதாப்பழம் கொண்டுபோயிருந்தேன். மதினி ஐந்து நிமிடத்தில் தின்று முடித்து, விதைகளைக் காகிதத்தில் மடித்துவிட்டார். எனக்கு ஒரு பழம் முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் பழம் முடிந்த பிறகுதான் தின்றது தெரியும். இப்போது ஒவ்வொரு விதைக்கும் தெரிகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு அப்பால் நான் நாள் குறிப்பதில்லை.

"கர்த்தர் என்ன எஸ்தரு செய்வாரு?"

"தெரியாது மதினி. டாக்டரம்மா இன்னைக்கு ஊசி வச்சு எடுத்துப் பாப்பாவ. அது தெரியும்."

உள்ளே மதினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து சேலையைச் சரிசெய்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போவமா?"

"மொதல்ல உள்ள போவோம்," என்றேன். வாயிலிருந்த விதையைக் கையில் துப்பி, அதை மூடிக்கொண்டு, மறு கையால் அவரைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.