காமு மாமி கட்டிய இலைப் பொட்டலம்

திருவையாற்றில் ஆற்றங்கரைக்குப் போகிற அந்தத் தெருவில், பால் கவரைத் துவைத்துக் காயப்போடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். காமு மாமியின் வீடு. கவரைக் கத்தரித்து, பால் வாடை போக அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். "மாமி, இஸ்திரி போடலையா?" என்று தெருவில் போகிறவர்கள் கேலி செய்வார்கள். மாமிக்கு அதெல்லாம் உறைக்காது. "அழுக்குக் கவரை எவன் எடுப்பான்? ஒரு கவர்ல புளிச்ச பால் இருந்தா போதும், மூட்டையே நாறிப் போயிடும்" என்று திருப்பிக் கொடுப்பார்.

குப்பை வண்டி வந்தால் தன் பக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற ரகமில்லை அவர். அடுத்த வீட்டுப் பக்கெட்டையும் எட்டிப் பார்ப்பார். காய்கறித் தோலுக்குள் ஷாம்பு பாக்கெட் தெரிந்தால் தொலைந்தது. முதலில் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனாலும் விடாமல் அரித்தெடுத்ததில் தெருவே வழிக்கு வந்துவிட்டது. வண்டி தள்ளி வந்து, உரக்கிடங்கிலும் வேலை பார்க்கிற பூவிழி, "உங்க தெருக் குப்பைன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டியில கொட்டலாம் மாமி" என்று சொன்ன அன்றைக்கு, மாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்படிப்பட்ட மாமிதான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

கணவர் கல்யாணராமன் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். வைகாசியில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. எல்லாம் படுக்கையிலேயே ஆகவேண்டியிருந்தது. "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம் காமு" என்று ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமிக்கு அது போதும். கேட்டவர்களிடமெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தார்.

டயப்பரை மறைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அதைத் தாளில் தனியாகக் கட்டி, சிவப்புக் குறி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். ஆனால் குழந்தை இல்லாத வீட்டிலிருந்து அப்படி ஒரு பொட்டலம் போனால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடாதா? கொல்லையில் வாழை இருந்தது. இலையில் சுருட்டி, நாரால் கட்டி, மக்கும் குப்பைப் பக்கெட்டின் அடியில் வைத்து, மேலே காய்த்தோலைப் பரப்பினார். பார்த்தால் மீந்த சோற்றைக் கட்டிப் போட்ட மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கை கூசும். நாளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று நினைப்பார். மறுநாளும் அதையேதான் செய்தார்.

ஆடி பிறந்ததும் ஒருநாள் காலை, பூவிழி தெரு நடுவில் வெறும் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உங்க தெருக் குப்பை கொட்டற உரத்தொட்டியில, மீந்த சோறுன்னுதாங்க இலையைப் பிரிச்சேன். உள்ள டயப்பர். கிளறிப் பார்த்தா தொட்டி பூரா அதுதான். பக்குவத்துக்கு வந்த உரம் அத்தனையும் வாரி வெளியில கொட்டியாச்சு. யாரு போட்டதுன்னு தெரியற வரைக்கும் இந்தத் தெருக் குப்பையை எடுக்க மாட்டோம்."

தெருவில் கைக்குழந்தை இருப்பது மாமியின் எதிர்வீட்டுப் பஞ்சநதத்தின் மாடியில் குடியிருக்கும் நுஸைபாவுக்குத்தான். பஞ்சநதம் அங்கேயே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"வேற யார் வீட்லேருந்து வரும்? தெருப் பேரையே கெடுத்தாச்சு. இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடும்மா."

நுஸைபா குழந்தையை இடுப்பில் வைத்தபடி பதறிப்போய்ப் படியிறங்கி வந்தாள். "நான் மாமி சொல்லிக் குடுத்த மாதிரி தனியாத்தாண்ணே கட்டிக் குடுக்கறேன்" என்றவள், காமு மாமியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமி. தினம் பார்க்கறீங்கல்ல?"

"மாமி சொல்லட்டும். சொன்னா ஒத்துக்கறேன்" என்றார் பஞ்சநதம்.

மாமி நுஸைபாவைப் பார்த்தார். இவள் இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம். அப்புறம் பழி வேறொரு வீட்டு வாசலில் போய் நிற்கும். உண்மையைச் சொன்னாலோ, உள்ளே படுத்திருக்கிறவரின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழும். இந்தப் பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிறாள். பாவி, இதற்குமா யோசிக்கிறாய் என்று தன்னையே வைதுகொண்டார்.

"அது எங்க வீட்டுது" என்றார். "அவருக்கு முடியலை. வைகாசியிலேருந்து படுக்கையிலதான். தெரியக் கூடாதுன்னு நான்தான் இலையில சுத்திப் போட்டேன். அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்கோ. பூவிழி, உன் கையால அதைத் தொட வச்சுட்டேனேம்மா..."

பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார். பூவிழிக்குக் கோபம் உடனே ஆறிவிடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தச் சொல்தான் மாமியை அதிகமாகச் சுட்டது.

உள்ளே கல்யாணராமன் விழித்துத்தான் இருந்தார்.

"காதுல விழுந்துதா?"

"விழுந்தது." மாமி பக்கம் முகத்தைத் திருப்பினார். "நான் வெட்கப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை, உன்னை இந்தப் பாடு படுத்திடுத்தே காமு" என்றார். மாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் வண்டி வந்தது. மாமி தாளில் கட்டிச் சிவப்புக் குறி போட்ட பொட்டலத்தோடு வாசல்வரை வந்துவிட்டார். படியிறங்கத்தான் கால் வரவில்லை. தெருவே பக்கெட்டும் கையுமாக வெளியில் நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து நுஸைபா இறங்கி நேரே மாமியிடம் வந்தாள். கையிலிருந்த பையின் வாயை விரித்துப் பிடித்தாள். உள்ளே குழந்தையுடைய பொட்டலங்கள் இருந்தன.

"இதுலயே போடுங்க மாமி. சேர்த்தே குடுத்துடலாம்."

மாமி போட்டார். நுஸைபா பையை முடிச்சிட்டு நீட்டினாள். பூவிழி அதை வாங்கி வண்டியில் தனியாக வைத்துவிட்டு, "ஐயா ராத்திரி தூங்கினாங்களா மாமி?" என்று கேட்டாள்.