நாலு பேர் ஆட்டத்தில் ஐந்தாவது ஆள்

திண்டுக்கல்லுக்கு மாஜாங் விளையாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். எனக்கு முன்னால் வேறு யாராவது கொண்டுவந்திருக்கலாம். விசாரிக்க எனக்கு விருப்பமில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் மகள், அப்பா சும்மா இருக்கும் நேரத்தில் அம்மாவின் உயிரை எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு பெட்டி வாங்கி வந்தாள். திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டிகள், முதுகில் மட்டும் பச்சை. ஏதோ சீனத்து இனிப்பு என்று ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன். எதைக் கடித்தீர்கள் என்று பல் டாக்டர் கேட்டபோது முறுக்கு என்றேன்.

ஆட்டம் நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட தம்பி. சீட்டுக்குப் பதில் காய். மூன்று மூன்றாக நாலு செட், கூடவே ஒரு ஜோடி சேர்ந்தால் ஜெயம். ஆனால் நாலு பேர் வேண்டும். மூன்று பேர் பத்தாது, ஐந்து பேருக்கு இடமில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்டான எனக்கு ஆள் பிடிப்பதா கஷ்டம்? பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பனை முதலில் பிடித்தேன். அவனுக்குப் பந்தல் சாமான் வாடகைக் கடை. கடைக்குப் பின்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு கணக்கு டீச்சர் இரண்டாவது. சின்னாளபட்டியில் சேலைக்கடை வைத்திருப்பவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், மூன்றாவது. சாயங்காலம் நாலு மணிக்குக் கடையின் பின்கட்டில், பந்தி மேசை ஒன்றை விரித்து உட்காருவோம். முகூர்த்த நாளில் அந்த மேசையும் கல்யாணத்துக்குப் போய்விடும். கல்யாணமே இல்லையே என்று ஊர் சலித்துக்கொள்ளும் ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு சீசன்.

காய்களுக்குப் பெயர் வைத்தது நாங்களே. வட்டம் வட்டமாகப் புள்ளி போட்டது சுங்குடி. சேலைக்கடை அண்ணன் வைத்தது. மூங்கில் போட்டது பந்தக்கால். சீன எழுத்து போட்டதை டீச்சர் டாக்டர் சீட்டு என்றார். நான் சொல்லும் நக்கலுக்கெல்லாம் நண்பன் கண்ணை மூடிக்கொண்டு குலுங்குவான். மேசை ஆடி, அடுக்கிய காய்கள் சரியும். மறுபடி அடுக்குவோம். ஒரு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் டீச்சர் வீட்டு கிறிஸ்துமஸ் கேக் எனக்கும், என் வீட்டுப் பொங்கல் டீச்சருக்கும், அண்ணன் கடைச் சேலை எங்கள் இரண்டு வீட்டுக்கும் கேட்காமலே வர ஆரம்பித்திருந்தன.

அப்போதுதான் அவர் வந்தார். தொப்பம்பட்டிக்காரர். மலேசியாவில் இருபது வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு, இங்கே வீடு கட்டி, பால் காய்ச்ச அண்டா வாடகைக்கு எடுக்க வந்தவர். அண்டாவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். காய் உருளும் சத்தம் கேட்டுப் பின்கட்டுக்கு வந்து நின்றார். செத்த நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

“தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஆட்டம் அந்தப் பக்கமா சுத்தோணுமுங்க. நீங்க தலைகீழாச் சுத்துறீங்க.”

அவர் சொன்னது சரி. வீடியோவைப் பார்த்து நான் ஆட்டம் கற்றபோது, அதில் முறை இடம்வந்துதான் போனது. கோயிலை யாராவது இடம்வருவார்களா? செல்போன் கேமராவில் இடவலம் மாறித் தெரிகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, மூன்று பேரையும் ஒரு வருஷம் பக்தியோடு வலம்வர வைத்திருந்தேன். டீச்சருக்கு முதல் நாளே சந்தேகம் இருந்ததாம். கோயில் சமாச்சாரம் என்பதால் தான் வாயைத் திறக்கவில்லை என்றார்.

நண்பன் அன்று குலுங்கிய குலுக்கலில் காய்கள் தரைக்கே போய்விட்டன. அவனை அப்படிச் சிரிக்கவைத்தது நானில்லை, அவர். அந்த நிமிஷம் என் வயிற்றில் பற்றியது அல்சரென்று நினைத்து மாத்திரைகூட வாங்கினேன்.

மறுநாள் முதல் அவர் தினமும் வந்தார். வரும்போதெல்லாம் பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். டீச்சருக்கு மலேசிய பிஸ்கட், அண்ணனுக்குத் தைலம், எனக்கும் தைலம். ஆள் ஐந்தானதும் முறை ஒன்றையும் அவரே சொன்னார்: யார் போட்ட காயை எடுத்து இன்னொருவர் ஜெயிக்கிறாரோ, போட்டவர் எழுந்து வெளியே இருப்பவருக்கு இடம் தர வேண்டும். நியாயமான முறைதான். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே அங்கே மட்டமான ஆட்டக்காரர் என்பது மட்டும்தான் அதில் கோளாறு. எழுந்தவர் டீ வாங்கி வர வேண்டும். ஒரு மாதத்தில் டீக்கடைக்காரர் என்னைப் பந்தல் கடை ஆள் என்றே நினைத்துவிட்டார்.

டீயோடு திரும்பும்போது பின்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் நுழைந்ததும் அடங்கும். என்ன என்று கேட்டால், “அது வந்து, மலேசியா அண்ணா சொன்னாரு, இப்ப சொன்னா நல்லா இருக்காது” என்பான் நண்பன். என் ஜோக்குகளுக்கு எல்லாரும் இப்போதும் சிரித்தார்கள். ஆனால் பல் மட்டும்தான் தெரிந்தது, மேசை ஆடவில்லை.

முதுகுவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நான் இல்லாத மேசை அழுதுகொண்டு தேடி வரும் என்பது திட்டம். ஆறு நாள் போனது, ஒருவரும் கூப்பிடவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து எனக்கே அடித்துப் பார்த்தேன், நன்றாகவே அடித்தது. “இந்த முதுகு நாலு மணிக்கு மட்டும் வலிக்குது, ஆறு மணிக்கு ஆட்டம் கலஞ்சதும் எந்திரிச்சு உக்காருது” என்று அவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் நானே நண்பனுக்கு அடித்தேன். காதுகுத்துக்குப் பத்து நாற்காலி வேண்டும் என்று ஆரம்பித்தேன். யாருக்குக் காதுகுத்து என்று அவன் கேட்டான். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. உடனே கோபம் வந்து, ஆறு நாளாக ஒருத்தனாவது கூப்பிட்டானா என்று கத்திவிட்டேன்.

“ஏலே, நீ என்ன வாடகைச் சாமானா, வண்டி வச்சு ஏத்திட்டு வர? வந்து உக்காருடா” என்று வைத்துவிட்டான்.

போனேன். அங்கே நாலு பேர் வாகாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததால்தான் ஒருவர் அதிகம். நண்பன் தனக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது என்று சொல்லி எழுந்து, என்னை உட்காரவைத்து, எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

அன்று எனக்கு வந்த கை அபூர்வம். ஏழாம் பந்தக்கால் ஒன்றை மட்டும் தள்ளிவிட்டால், அடுத்து ஒரே ஒரு காய் வந்தால் ஜெயிக்கிற மாதிரி. ஆனால் எதிரே தொப்பம்பட்டிக்காரர் பந்தக்காலாகவே சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த ஏழுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதில், முடிந்து நின்ற சுங்குடி செட்டிலிருந்து ஒன்றைப் பிரித்துப் போட்டேன். அடுத்த முறை இன்னொன்று. அதற்கடுத்து ஜோடியையும் உடைத்தேன். நல்ல கையை நானே கொத்துப்பரோட்டா போட்டுக்கொண்டிருந்தபோதுதான், பின்னால் ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

நண்பன் என் காதருகே குனிந்தான். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

“அம்புட்டு எரியுதா?”

பொய் சொல்லலாமென்று பார்த்தேன். எல்லாக் காயும் அவன் கண்முன்னே விரிந்து கிடந்தது.

“ஆமா” என்றேன்.

அவன் கையை என் நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தான். அதற்குப் பிறகு அந்த ஏழைப் பிடித்து வைத்திருக்க வெட்கமாக இருந்தது. தானம் செய்கிறவன்போல நடுமேசையில் வைத்தேன். தொப்பம்பட்டிக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது தேவையே இல்லை. சேலைக்கடை அண்ணன் எடுத்து, ஜெயித்து, காய்களை விரித்துக் காட்டினார்.

முறைப்படி நான் எழுந்தேன். என் காய்களின் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பம்பட்டிக்காரர் மரியாதையாகக் கேட்டார்:

“ஏனுங்க, அந்த ஏழ எதுக்குங்க இத்தன நேரம் வச்சிருந்தீங்க?”

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முகம் லேசாக வாடிவிட்டது. டீயோடு வந்து வாசலில் நிற்கும்போது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.