பூஜ்யம் உரசிய சுவர்

ஊரில் எல்லோரும் அவளை மீட்டர் அக்கா என்றார்கள். மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஒரே வீடுகளுக்குப் போய்வந்ததில், யார் புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கினார்கள், எந்த வீட்டில் ஆள் குறைந்தது என்பதெல்லாம் அவளுக்கு எண்களாகவே தெரியும். வெளியே சொல்லமாட்டாள். நாய், பூனை விஷயத்தில் மட்டும் வாய் நிற்காது. "ஆறு பேர் சாப்பிடுற வீடு, ஒரு பூனைக்கு மிச்சம் இருக்காதா?" என்று கேட்டுக் கேட்டே, தெருவில் கிடந்த பதினொரு பிராணிகளைப் பதினொரு வீடுகளில் சேர்த்துவிட்டாள். மாதாமாதம் மீட்டர் பார்க்கப் போகும்போது அவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். அவள் வரும் நாளில் தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வைக்கும் வீடுகள் இருந்தன.

பூஜ்யத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பின் தெருவில் ஒரு வீட்டின் மீட்டர் முந்தைய மாதம் இருந்த எண்ணிலேயே நின்றிருந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். ஓடிய யூனிட் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் சங்கிலிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக எப்போதாவது வீசிய சோற்றில், கட்டிப்போட்டபடியே விட்டுச்சென்ற நாய் ஒன்று உயிரோடு இருந்தது. இரண்டு கண்களும் வெள்ளை. அவள் பக்கத்தில் போனபோதும் குரைக்கவில்லை. குரைத்துப் பயனில்லை என்று எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

சங்கிலியை வெட்ட, அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெயிண்டர் வந்தான்.

"அக்கா, இது ஆறு மாசம் தாங்குமா?"

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

"பேரு?"

அவள் கையிலிருந்த மீட்டர் அட்டையைக் காட்டினாள். அவன் சிரித்தான். "பூஜ்யமா? கூப்பிட்டா என் பள்ளிக்கூட மார்க்கை ஊருக்குச் சொல்ற மாதிரி இருக்குமேக்கா."

நான்கு வருடம் தாங்கியது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா பாதி கட்டி விட்டுப்போன வீடு. பெயிண்டரும் தையல் வேலை செய்யும் அவன் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துவிடுவார்கள். ஒரு வாரம் குளியலறைக் கதவு, ஒரு வாரம் ஒழுகும் குழாய், ஒரு வாரம் பின்கட்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை. கொட்டகைக்குள் அலமாரி அடிக்க வாங்கிய பலகைகள் ஒன்றரை வருடமாகச் சுவரில் சாய்ந்திருந்தன. வேலையைவிடப் பேச்சு அதிகம். எந்த வேலை முடிந்தாலும் பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்ப்பான். "கண்ணு பொய் சொல்லும்கா. கை சொல்லாது."

"அப்ப உன் கண்ணையும் பிடுங்கிடலாமா? ரெண்டு குருடு வீட்டுல கிடக்கட்டும்" என்பாள் அவன் மனைவி.

பூஜ்யத்துக்கு அந்த வீட்டை மீட்டர் அக்காதான் கற்றுக்கொடுத்தாள். மூன்று கோணிச் சாக்குகள். ஒன்று சமையலறை வாசலில், ஒன்று பின்படிக்கு முன்னால், ஒன்று வெளிக்கேட்டின் உள்ளே. காலில் கோணி பட்டால் நின்று, முகர்ந்து, திரும்ப வேண்டும் என்று பத்து நாளில் புரிந்துகொண்டது. மற்ற இடங்களில் வலது தோளைச் சுவரில் உரசியபடியே நடந்தது. நான்கு வருடத்தில் சுவரில் ஒரு கோடு விழுந்துவிட்டது. முழங்கால் உயரத்தில், நான்கு விரல் அகலத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பு நிறக் கோடு. கூடத்தில் தொடங்கி, சமையலறையைச் சுற்றி, பின்படி வரை.

பெயிண்டரால் அதைப் பொறுக்க முடியவில்லை. "அந்தக் கோட்டைப் பார்த்தா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுக்கா."

"உன் வீட்டுச் சுவத்தைப் பார்த்துத் தூங்கு."

"ஊருக்கெல்லாம் அடிக்கிறேன். அக்கா வீடு மாட்டுக்கொட்டாய் மாதிரி இருக்கு. கேக்குறவன் என்னைத்தான் சிரிப்பான்."

"அது அங்கேயே இருக்கட்டும்டா."

அவ்வளவுதான் சொன்னாள். அது அழுக்கு இல்லை, பூஜ்யத்தின் வழி என்று சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அவளுக்குப் பித்தப்பையில் கல். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். சாவியைப் பெயிண்டரின் மனைவியிடம் கொடுத்து, "ரெண்டு வேளைச் சோறு. தண்ணி நிறைய குடிப்பான், கிட்னி சரியில்ல. சட்டி காலியா இருக்கக்கூடாதும்மா" என்றாள்.

"போய் நிம்மதியா அறுத்துக்கிட்டு வாங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்."

அவள் போன மறுநாள் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். முன்பு ஒருமுறை வண்ண அட்டையில் வெளிர் மஞ்சளைத் தொட்டு, "இது நல்லாருக்கில்ல" என்று அவள் சொன்னதைப் பெயிண்டர் மறக்கவில்லை. அதே மஞ்சள். சாமான்களைக் கூடத்து நடுவில் குவித்தார்கள். சுவரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார்கள். கிழிந்த கோணிகளை எடுத்துக் கொட்டகையில் போட்டார்கள். அக்கா வந்ததும் பூஜ்யத்துக்குப் புது மெத்தை தைத்துக் கொடுப்பதாக மனைவி அளவெடுத்து வைத்திருந்தாள். பூஜ்யத்தை முருங்கை மரத்தில் கட்டினார்கள். கயிறு கழுத்தில் ஏறியதும் அது நடுங்க ஆரம்பித்தது. பாவம் என்று மனைவிதான் அவிழ்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டாவது கை பூச்சும் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. பெயிண்டர் ஏணியைக் கொட்டகைக்குள் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அரை மணி நேரம் கழித்துச் சோறு வைக்கக் கூப்பிட்டபோது பூஜ்யம் இல்லை. கேட் திறந்திருந்தது.

இரண்டு நாள் மழையில் தேடினார்கள். பேருந்து நிலையம், சந்தை, ரயில் பாதை. பின் தெருவில் அந்தப் பழைய வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். மீட்டர் அக்கா நாயும் பூனையும் கொடுத்த பதினொரு வீட்டுக்காரர்களும் தேடினார்கள். அக்கா வீட்டில் மட்டும் யாரும் தேடவில்லை. கேட் திறந்திருந்ததே.

ஐந்தாம் நாள் அவளை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். வழியெல்லாம் பெயிண்டர் தெருவோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆபரேஷன் தையல் வலியில் அவள் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் இறங்கியதும் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது. குனிய முடியாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் பார்த்தாள்.

"பூஜ்யம் எங்கே?"

பெயிண்டரின் மனைவி அழ ஆரம்பித்தாள். பெயிண்டர் எல்லாவற்றையும் சொன்னான். கயிறு, கேட், மழை. "நான்தான்கா கேட்டைத் திறந்து போட்டேன். செருப்பால அடிங்க."

அவள் அடிக்கவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "கோணியெல்லாம் எங்கே?"

"கொட்டகையில. ஏன்கா?"

"சும்மாதான்."

"நான் ஆத்தங்கரைப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன். நீங்க படுங்க" என்று பெயிண்டர் கிளம்பினான். மனைவி கஞ்சி வைக்கத் தன் வீட்டுக்குப் போனாள்.

அவள் படுக்கவில்லை. கோணிகளைப் பழைய இடத்தில் போட்டுவைத்தால், திரும்பி வருகிறவனுக்குக் காலில் படும். முதலில் கேட்டுக்கு, பிறகு படிக்கு. கோணியின் வாசனை பெயிண்ட் வாசனையை வென்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். வயிற்றைக் கையால் அழுத்தியபடி பின்கட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

பலகைகளுக்குப் பின்னால் மூன்று கோணிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் மேல் பூஜ்யம் கிடந்தது. மூக்கு கோணி மடிப்புக்குள் இருந்தது. சுவரில் தன் வழி காணாமல் போனபோது, வீட்டில் தனக்குத் தெரிந்தது எங்கே இருக்கிறதோ அங்கே வந்திருக்கிறது. கதவின் உட்பக்கம், அடியில், மரம் வெள்ளையாகச் சீவப்பட்டிருந்தது. குரைத்திருக்காது. தகரத்தில் மழை விழுந்த இரண்டு நாளும் நகச் சத்தம் யாருக்குக் கேட்டிருக்கும்?

அவள் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தெருக்கோடியிலிருந்து குரல் கேட்டது.

"பூஜ்யம்! டேய் பூஜ்யம்!"

தொண்டை கட்டிப்போன குரல். இரண்டு நாளாகக் கூப்பிட்ட குரல்.

அவள் எழுந்தாள். எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோணியின் முனையைப் பிடித்து இழுத்தாள். வழியில் இரண்டு முறை நின்றாள். வெளிக்கேட்டின் உள்ளே, மூன்றாவது கோணி எப்போதும் கிடக்கும் இடத்தில் விட்டுவிட்டு, தன் துண்டால் மூடினாள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

பெயிண்டர் கேட்டைத் திறந்து அப்படியே நின்றான்.

"நீ போனதும் வந்தான்" என்றாள். "இங்கேயே படுத்தான். கொஞ்ச நேரம்தான்."

"தானாவா?"

"தானா."

"கோணி?"

"நான்தான் எடுத்துட்டு வந்து போட்டேன்."

"வழி கண்டுபிடிச்சு வந்துட்டான்கா." அவன் கேட்டிலேயே சரிந்து உட்கார்ந்து அழுதான். "கண்ணு தெரியாதவன் வந்துட்டான் பாருங்க. நம்ம வீட்டுக்கே வந்துட்டான்."

துண்டை விலக்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டா. அப்படியே வை." முருங்கை மரத்தடியில் அவனே குழி வெட்டினான்.

இரண்டு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். கதை அவளுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. பெயிண்டர் வேலை செய்த இடமெல்லாம் சொல்லியிருந்தான்.

"குருட்டு நாய் ரெண்டு நாள் மழையில அலைஞ்சு வீட்டைத் தேடி வந்துச்சாமே அக்கா!"

"ஆமா."

"அதுக்கிருக்கிற அறிவு மனுஷனுக்கு இல்ல பாருங்க."

"ஆமாம்மா. மீட்டர் பெட்டியைக் கொஞ்சம் திறங்க."

ஒரு வீடு விடாமல் ஆமா சொன்னாள்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. பெயிண்டர் ஆணிப் பையோடு வந்தான். மனைவிக்கு அன்று தையல் வேலை. "அந்த அலமாரியை இன்னைக்கு முடிச்சிடலாம்கா. பலகை உளுத்துப்போயிடும்."

"இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"ஒன்றரை வருஷமா இதைத்தான் சொல்றீங்க" என்றபடி கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போனான். அவள் பின்படியில் நின்றாள்.

"அக்கா, இந்தக் கதவுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான். டப்பாவுல மிச்சம் இருந்துச்சு."

"உள்பக்கமா? அதுவும் கீழ ஒரு முழத்துக்கு மட்டும்?" அவன் சிரித்தான். "தேய்க்காம, பட்டி வைக்காம, சுண்ணாம்பு பூசுற மாதிரி பூசியிருக்கீங்க. என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே அடிச்சீங்களா? நகருங்க, உப்புக்காகிதம் எங்கே?"

"விடுடா. டீ போடுறேன், வா."

"ஒரு நிமிஷம்."

அவன் கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளங்கையை மேலிருந்து கீழே கொண்டுவந்தான். மஞ்சள் தொடங்கும் இடத்தில் கை மெதுவானது. இன்னும் கீழே போய், நின்றது. பிறகு விரல்கள் தனித்தனியாக நகர்ந்தன. ஒரு பள்ளம், அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

மீட்டர் அக்கா படியிறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

"தாழ்ப்பாள் போட்டது நான்தானேக்கா" என்றான்.

அவள் ஆமா சொல்லவில்லை.