ஆலம்பரைக் கோட்டையில் கேட்ட கைதட்டல்

எழுபதுகளில் ஒரு சின்ன பட்ஜெட் படம். போரிலிருந்து திரும்பிய பிறகும் வெடிச்சத்தம் கேட்டால் நடுங்கும் சிப்பாய் வேடம் எனக்கு. கடப்பாக்கம் கடற்கரையில், ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகளில் படப்பிடிப்பு. உடைகள் போதவில்லை. அதனால் முன்பு பட்டாளத்தில் இருந்த உள்ளூர்க்காரர் காதர் பாயை, அவருடைய சொந்த யூனிபார்மோடு துணை நடிகராகச் சேர்த்திருந்தார்கள்.

வெடி வெடித்தது. நான் கண்ணை உருட்டி நடுங்கத் தொடங்குமுன், காதர் பாய் ஓடிவந்து என்னை மண்ணில் குப்புறத் தள்ளி மேலே விழுந்தார்.

"தலைய தூக்காத நைனா! சுட்டுக்கினு கீறான்!"

ஒத்திகையில் இது இல்லை.

"கட்!" என்றார் டைரக்டர். நல்ல ஷாட் அமைந்தால் கைதட்டுவது எங்கள் வழக்கம். யூனிட்டே தட்டியது. படபடவென்ற அந்தச் சத்தத்தில் அவர் இன்னும் இறுக்கி, உள்ளங்கையால் என் தலையை மூடினார். அவர் நெஞ்சு என் முதுகில் இடித்தது.

"தட்டாதீங்க!" என்று கத்தினேன். நான் கூச்சப்படுவதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

ஒருவழியாகக் கைகள் ஓய்ந்தன. அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

"பூட்டானா?" என்றார் என் காதருகே.

"போய்ட்டான் பாய்."

அதன் பிறகுதான் கையை எடுத்தார்.

படம் ஓடவில்லை. ஆனால் இன்றும் மேடையில் எனக்காக யாராவது கைதட்டினால், என் கை தானாகப் பக்கத்தில் இருப்பவர் தலையைத் தேடுகிறது.