மூன்று சதுரச் சந்தன நிறம்

சென்ற செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டுக்கு முன் நடக்கும் கூட்டத்தில் நின்றிருந்தபோது தொலைபேசி அழைப்பு வந்தது. நம் ஆரோக்கியசாமி நெஞ்சுவலியால் காலமாகிவிட்டார். கார் தொழிற்சாலையின் வண்ணப்பூச்சுப் பிரிவில் அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அவரை நன்கு தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு நிறத்தை ஏற்க இருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் பிரிவின் விதி. ஒருமுறை கதவும் பம்பரும் ஒரே நிறம் என்று கருவி காட்டியது, நான் கையெழுத்திட்டேன். அவர் பேனாவையே எடுக்கவில்லை. "மீட்டர் ஓகேன்னுது, சரி சார். கார் வாங்கறவன் மீட்டர எடுத்துகினா வரப் போறான்?" வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். கதவு ஒரு நிறம், பம்பர் ஒரு நிறம். அவர் கண்ணே சரி.

இருங்காட்டுக்கோட்டையில் நெடுங்காலம் வாடகை வீட்டில் இருந்தவர். அங்கே உரிமையாளரின் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. சுங்குவார்சத்திரத்தில் சொந்த வீடு கட்டியபோது, கூடத்துக்கு இளஞ்சந்தன நிறம், அதுவும் கண்ணுக்குச் சற்றே வெதுவெதுப்பான சாயலில், என்று முடிவு செய்திருந்தார். மஞ்சள் கூடினால் கல்யாண மண்டபம், சாம்பல் கூடினால் ஆபீஸ் என்பார். சுவரில் மூன்று மாதிரிகளைப் பூசி எனக்குப் படம் அனுப்பினார். படத்தில் நிறம் பார்ப்பது முறையன்று, ஞாயிறன்று நேரில் வருகிறேன் என்று பதில் எழுதினேன். தணிக்கை வேலையைக் காரணம் காட்டி, அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள் போகவில்லை.

அவர் கோபிக்கவில்லை. "பெயிண்டர வேற வூட்டுக்கு அனுப்பிட்டேன் சார். நீங்க பாக்காம அடிக்க மாட்டேன். ரூல் பேசறதே நீங்கதானே" என்று சிரித்தார். பூசி முடித்த பிறகே குடிபோவது என்றும் சொன்னார்.

உடலை வாடகை வீட்டில் வைக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. புது வீட்டின் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். பெட்டிக்கு மேலே, பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி மட்டும் பூசியிருந்த சுவரில், மூன்று சதுரங்கள். அவற்றின் வேறுபாடு நம்மைப் போன்றவர் கண்ணுக்கே தெரியும். வீட்டுக்கு வரும் எவருக்கும் தெரியாது. எதைப் பூசியிருந்தாலும் அழகாகவே இருந்திருக்கும். அவர் அங்கே சில நாள்களாவது வாழ்ந்திருப்பார்.

அடக்கம் முடிந்து புது வீட்டுக்குத் திரும்பியதும் அவர் மனைவி பிலோமினாவிடம், மூன்றாவதே சரி, அதையே பூசச் சொல்லுங்கள் என்றேன்.

"அவருக்கும் மூணாவதுதான் சார். மொதல் நாளே சொல்ட்டாரு" என்றார் அவர். "நீங்க வருவீங்கன்னு மூணு ஞாயித்துக்கெழமையும் மீன் கொழம்பு வெச்சு இங்க எடுத்தாந்தோம். வெயில் எறங்குற வரைக்கும் உக்காந்துகினு இருந்தோம்."

நிறத்தைத் தீர்மானிக்க அவருக்கு என் கண் தேவைப்பட்டிருக்கவில்லை. தணிக்கை வேலைக்கு இன்னொருவரை அமர்த்தியிருக்கலாம். நான் யாரையும் கேட்கக்கூட இல்லை. ஆரோக்கியசாமியிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பவை, அந்தக் கூடத்தில் நான் உட்காராத மூன்று பிற்பகல்கள்.