ஒரு கைக்கு எழுபத்தைந்து ரூபாய்

சோழவந்தானில் வெற்றிலை அடுக்குகிறவர்களில் என் தம்பி சங்கிலியைப் போல் இன்னொருவன் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொள்வான். கொடிக்காலிலிருந்து வெற்றிலை வந்து இறங்கியதும் முன்னால் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே நூறு இலையை எண்ணி ஒரு கவுளியாக அடுக்கிவிடுவான். கண் தெருவில் இருக்கும், எண்ணுவது வலது கைக் கட்டைவிரல். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அடுக்கியதும் இருப்பதிலேயே அகலமான, தளதளவென்ற இலையைப் பொறுக்கி மேலே வைப்பான். வாங்குகிறவன் மேலிலையைப் பார்த்துத்தான் விலை சொல்லுவான். அடியில் என்ன இருக்கிறது என்பது சங்கிலிக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

இந்திரா அம்மாவைச் சுட்டுக் கொன்றதற்கு மறு வருசம், அந்தக் கட்டைவிரலே மரத்துப்போனது. பக்கத்து இரண்டு விரலும் கூடவே போயின. ஒரு கவுளியில் தொண்ணூற்று நாலு இருந்தது, இன்னொன்றில் நூற்று ஏழு. குறைவாக வாங்கியவன் வந்து சண்டை போட்டான். கூடுதலாக வாங்கியவன் வாயே திறக்கவில்லை. கடைக்காரர் இன்பசேகரன் நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி.

"சங்கிலி, ஆவணி பொறந்தா முகூர்த்தம். அதுக்குள்ள கை சரியாகலேன்னா உன் எடத்துல காளையத்தான் உக்கார வைப்பேன். அப்புறம் என்னைய வையாதே" என்றார்.

காளை எண்ணும்போது உதட்டை அசைப்பவன். அவனிடம் தன் இடம் போவதா என்று தம்பி இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் நான்தான் அவனை உள்ளூர் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு டாக்டரிடம் கரண்டு வைத்து நரம்பைப் பார்க்கிற மிஷின் இருக்கிறது என்று சீட்டு எழுதினார். ஒரு கைக்கு எழுபத்தைந்து ரூபாய், இரண்டு கைக்கும் சேர்த்தால் நூற்றிருபது. தம்பிக்கு அப்போது நாள் கூலி பத்து ரூபாய். பெரிய ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் பார்க்கலாம், ஆனால் நாலு நாள் நடக்க வேண்டும், அந்த நாலு நாளில் காளை வந்து உட்கார்ந்துவிடுவான் என்றான்.

இரண்டு கையையும் பார்த்தே ஆக வேண்டும் என்று நூற்றிருபதை முந்தானையில் முடிந்துகொண்டு, காலைப் பாசஞ்சரில் அவனோடு கிளம்பினேன். பஸ்ஸுக்கும் டீக்கும் சில்லறையைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கே சீட்டு வாங்கி மிஷினையும் பார்க்கிறவள் பிலோமினாள் என்று ஒரு பெண். தம்பி போனதுமே ஆரம்பித்துவிட்டான்.

"ஏம்மா, ரெண்டு கைக்கு நூறுன்னு போட்டுக்கயேன்."

"இது வெத்தலக் கடையில்லண்ணே."

"அப்ப ஒரு கைக்கு அம்பது?"

"அண்ணே, பின்னால ஆளு நிக்கிது."

"டேய், ரெண்டு கைக்கும் குடுத்துத் தொலைடா" என்று முடிச்சை அவிழ்த்துப் பணத்தை அவன் கையில் திணித்துக் கத்தினேன். அவன் கேட்டால்தானே? எழுபத்தைந்தை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு கரண்டுக்கும் "ஆத்தே!" என்ற சத்தம் கேட்டது. நாலாவது "ஆத்தே"க்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

வெளியே வந்தவன் முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு காகிதம்.

"நரம்புல ஒரு கொறையும் இல்லையாம்க்கா! நாப்பத்தஞ்சு ரூவா மிச்சம். கறி எடுத்துட்டுப் போவோமா?"

எனக்கும் சந்தோசம்தான். ரயில் ஏறி உட்கார்ந்தோம். சமயநல்லூர் நெருங்கும்போது வெற்றிலை போட்டுக்கொள்ளச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினான். நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீல மையில் புள்ளிகள், காய்ந்த பசை. அது இடது கை.

"டேய், எந்தக் கையடா காமிச்ச?"

"இந்தக் கையத்தான்."

"மரத்துப்போனது அந்தக் கையில்ல?"

"ஆமா. அதையா மொதல்ல காமிப்பாக? ஒரே ஒடம்புதானக்கா. நல்லதக் காமிச்சா அடுத்ததையும் அதுபோலன்னு எடுத்துக்குவாக."

முப்பது வருசம் மேலிலை வைத்த புத்தி! ரயில் நின்றதும் அவன் சட்டையைப் பிடித்து இறக்கினேன். "எல்லாரும் பாக்குறாகக்கா" என்று முனகினான். பார்க்கட்டும் என்று டவுன் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனேன்.

பிலோமினாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "மரத்துப்போன கை இதானான்னு கேட்டேன், ஆமான்னு தலைய ஆட்டுனீங்களேண்ணே!" பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். புதிதாக எழுபத்தைந்து கேட்கவில்லை. "ரெண்டு கைக் கணக்குல போட்டுக்கிறேன், பாக்கி நாப்பத்தஞ்சு குடுங்க" என்றாள்.

"நாப்பதுன்னு..." என்று தம்பி வாயெடுத்தான். தொடையில் கிள்ளினேன். இந்தத் தடவை நானும் உள்ளே போய், வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்று தெரிந்தது. இடது கையையும் பார்த்திருந்ததால் எது சரி, எது கோளாறு என்று ஒப்பிட வசதியாயிற்று என்று டாக்டர் சொன்னார். இதை மட்டும் தம்பி இன்றுவரை விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறான், ஏதோ திட்டம் போட்டுச் செய்ததுபோல. ஊசி ஒன்று, ஆறு வாரம் பட்டை கட்டி ஓய்வு. தூங்கும்போது அவிழ்த்துவிடுவான் என்று முடிச்சை நானே போட்டேன்.

ஆவணி முதல் தேதி கடைக்குப் போனோம். காளை ஆறு வாரமாகத் தம்பியின் இடத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க, கையக் காட்டு" என்றார் இன்பசேகரன்.

என் தம்பி இடது கையை நீட்டினான்.

"அடேய்!" என்றேன். சட்டென்று மாற்றினான். அவர் ஒரு கத்தை இலையைக் கொடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் கட்டைவிரல் ஓடியது, முன்னைப்போல் வேகமில்லை.

"எம்பத்தாறு" என்றான்.

காளை பிரித்து எண்ணினான். எண்பத்தாறு. இன்பசேகரன் காளையைப் பார்த்துத் தலையை அசைத்தார். காளை எழுந்து இடத்தை விட்டான்.

அதற்கப்புறம் பதினைந்து வருசம் அந்த இடத்தில் தம்பிதான். எனக்கு இன்றும் வாரம் ஒரு கவுளி கொண்டுவந்து கொடுக்கிறான், மேலிலை பளபளவென்றுதான் இருக்கிறது. நான் அவன் கண்முன்னாலேயே அதைக் கவிழ்த்து அடியிலிருந்து பிரிக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். வைத்துக்கொள்ளட்டும்.