இழுவை அட்டை

காளிச்சாமியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள எல்லையில் இருந்த மாட்டுச் சாவடியில் அவர் கிளார்க். நான் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்கும் காவல்காரன். எழுபத்து நாலாம் வருஷம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் மாடுகளுக்கு வெக்கை என்ற தொத்து நோய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

அவருடைய ஒரே தங்கை கருப்பாத்தாள் பக்கத்திலேயே இருந்தாள். புருஷன் இல்லை, நாலு எருமைதான் அவளுக்குச் சோறு. தினமும் காலையில் சாவடிக்குப் பால் கொண்டுவந்து கொடுப்பாள். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று பயந்தாள்.

“நான் சாவடில இருக்கற வரைக்கும் எந்தச் சீக்கும் உள்ள வராது, போ கண்ணு” என்றார் காளிச்சாமி. அவளும் ஊசி போடாமல் விட்டுவிட்டாள்.

விதிப் புத்தகம் அறுபது பக்கம். அதை அட்டைகளாக மாற்றியவர் அவர்தான். ‘மாடு’ அட்டையில் எல்லா விதியும் இருக்கும். அதன் கீழே பசு, காளை, எருமை என்று தனித்தனி அட்டை. அவற்றில் வித்தியாசம் மட்டும் எழுதி, மீதிக்கு ‘மேல் அட்டையைப் பார்க்க’ என்று விட்டுவிடுவார். இதெல்லாம் போக ‘இழுவை’ என்று ஒன்று. காளையோ கழுதையோ, இனம் கேட்க வேண்டாம். வண்டி இழுக்கிறதா, விடு. பின்னாளில் கம்ப்யூட்டர் படித்த என் மகள் இதைக் கேட்டுவிட்டு, “மேல் அட்டைலிருந்து விதி வர்றது இன்ஹெரிட்டன்ஸ், இனம் பாக்காம வேலையை மட்டும் பாக்கற இழுவை இன்டர்ஃபேஸுங்கப்பா” என்றாள். என்ன பேரோ! சந்தை நாளில் வண்டி வரிசை அரை மணியில் காலியானது. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

“ஏனுங்க, வண்டிக் காளைக்கு ஊசிச் சீட்டு கேக்க வேண்டாமுங்களா?” என்றேன்.

“இழுவை அட்டைல அது இல்லியே சின்னமுத்து. இழுத்தா உட்டுரு.”

வண்டியில் பூட்டிவிட்டால் காளை மாடு இல்லாமல் போய்விடுமா? அன்றைக்கு இதைத் திருப்பிக் கேட்காத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ஜோடி வண்டிக் காளை வந்தது. கண்ணெல்லாம் பீளை. ஆனாலும் இழுத்தது, கம்பைத் தூக்கினேன். வண்டிக்காரன் போய்த் தண்ணி காட்டியது கருப்பாத்தாளின் தொட்டியில். மூன்று வாரத்துக்குள் நாலு எருமையும் கழிந்து கழிந்து செத்தன.

குழி மூடும்போது அவள் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, நீங்க அங்க இருந்துமா வந்துச்சு?”

அவர் மண்வெட்டியை எடுத்து மிச்ச மண்ணைத் தள்ளினார். மறுநாள் இழுவை அட்டையில் ஒரு வரி சேர்த்தார்: ‘மாடாயின் மாடு அட்டையையும் பார்க்க’. பால் வராத அந்தக் காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்தார். சாகும்வரை அதையேதான் குடித்தார்.